ரத்தம் போகிறவருக்கு ரத்தம் உறையாத ஊசி

கோவையில் ஒரு மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்த ஆண்டுகளில் நான் மிகவும் தயங்கிப் போட்ட ஊசி, எனாக்சபாரின் 40 மில்லிகிராம்தான். பெருங்குடல் புண் அழற்சி முற்றி, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ரத்தமும் சளியுமாகப் போகிறவரின் வயிற்றுத் தோலுக்கடியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் செலுத்தும்போது யாருக்குத்தான் கை கூசாது?

பணியில் சேர்ந்த புதிதில், ரத்தப்போக்கைக் கண்டு பயந்து, மருத்துவரிடம் கேட்காமலேயே ஒருவருக்கு இரண்டு நாள் அந்த ஊசியை நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கிச் சூடேறியது; ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்தக்கட்டு தெரிந்தது. அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. விட்டுப்போன அந்த இரண்டு ஊசிகள்தான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. என் கணக்கில் மட்டும் அது இன்னும் தீரவில்லை. குடலின் அழற்சி ரத்தத்தின் உறையும் தன்மையையும் தூண்டிவிடுவதால், இந்நோயாளிகளுக்கு ரத்தக்கட்டு உண்டாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதை அதன்பிறகே ஊன்றிப் படித்தேன்.

படிக்கையில் ஓர் ஆசையும் பிறந்தது. எனாக்சபாரினின் தாய் மருந்தான ஹெப்பாரினை ரத்தக்கட்டுக்காகப் பெற்றவர்களின் பெருங்குடல் அழற்சியும் தணிந்ததாக அயர்லாந்து மருத்துவர்கள் 1991இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படும் மருந்து மனிதக் குடலை ஆற்றுகிறதே என்று வியந்தேன். ஆனால் ஸ்டீராய்டுடன் ஒப்பிட்ட ஆய்வில் ஹெப்பாரின் தோற்றது. தோலுக்கடியில் போடும் ஊசியால் அழற்சி தணிகிறது என்பதற்கு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்ட 2010இன் காக்ரேன் தொகுப்பாய்விலும் ஆதாரம் கிடைக்கவில்லை. பெருங்குடலில் போய்க் கரையும் மாத்திரை வடிவம் மட்டுமே சற்று நம்பிக்கை தந்தது. ஆகவே நான் போட்டது காலையும் நுரையீரலையும் காக்கும் ஊசியே தவிர, குடலை ஆற்றும் ஊசியன்று.

பவானியில் ஜமுக்காளம் நெய்யும் நோயாளி ஒருவரின் தாய் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனம்மணி, ரத்தமாப் போயிட்டிருக்குது, நீ நீர்த்துப்போற ஊசியப் போடறயே?"

"ஒரு பக்கம் கரை உடைஞ்சு தண்ணி போகுதுங்க ஆத்தா, இன்னொரு பக்கம் வாய்க்கால் அடைச்சுக்குது. கரைக்கு வேற மருந்து போயிட்டிருக்குது, இது அடைப்புக்குங்க."

சற்று யோசித்துவிட்டுக் கையை விட்டார். ஊசியை எடுத்ததும் அந்த இடத்தைத் தேய்க்கப் போனவரைத் தடுத்தேன். "தேய்க்கக் கூடாதுங்க, கன்னிப் போயிரும்."