இரும்பும் அசையும்: ஒரு போரிங் மெஷின் உருவான நாட்குறிப்பு

ஜனவரி 9

புது போரிங் மெஷினுக்கான ஆர்டர் வந்துவிட்டது; இருக்கும் துளையைத் துல்லியமான அளவுக்கு அகலப்படுத்தும் மெஷின் இது. கூடவே வந்தது ஒரே ஒரு டிராயிங், அந்த மெஷின் செய்யப்போகும் பொருளுடையது. ஒரு கியர்பாக்ஸ் கூடு. எதிரெதிர் சுவர்களில் 80 மி.மீ. விட்டத்தில் இரண்டு துளைகள், இடையே 400 மி.மீ. தூரம். இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அளவு 80 எச்7. அதாவது 80-க்குக் குறையவே கூடாது, கூடினால் 30 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும்.

அந்த 30 முழுதும் நமக்குக் கிடையாது. ஏற்புச் சோதனையில் சிஎம்கே 1.67 கேட்டிருக்கிறார்கள்; அனுமதித்த வரம்புக்குள் மெஷின் எவ்வளவு சீராக வெட்டுகிறது என்று காட்டும் எண் அது. தொடர்ந்து 50 பீஸ் ஓட்டி அளந்து, கணக்கிட்ட பரவல் 18 மைக்ரானுக்குள் அடங்கினால்தான் மெஷின் வாசல் தாண்டும். மோட்டார், வேகம், பெயின்ட் எல்லாம் அப்புறம். இப்போதைக்கு என் மேசையில் இருப்பது இந்த 18 மட்டும்தான்.

ஜனவரி 17

வெட்டும் விசை டூல் முனையில் பிறந்து போரிங் பார் (டூலைத் தாங்கும் தண்டு), ஸ்பிண்டில் (அதைச் சுழற்றும் அச்சு), பேரிங், ஹெட் (ஸ்பிண்டில் இருக்கும் கூடு), பெட் (மெஷினின் அடித்தளம்), ஃபிக்ஸ்சர் (பொருளைப் பிடித்துவைக்கும் அமைப்பு) என்று சுற்றி, பொருள் வழியாக அதே முனைக்குத் திரும்பி வருகிறது. இந்த வளையத்தில் எந்த ஒரு கண்ணி நெளிந்தாலும் அந்த நெளிவு துளையில் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாக எழுதி, எது எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட்டோம்.

பாரில்தான் சிக்கல். ஒரு முனையில் மட்டும் பிடித்த பாரின் நீட்டம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். ஸ்டீல் பார் தன் விட்டத்தைப் போல நான்கு மடங்கு நீளம் வரை அமைதியாக வெட்டும், அதைத் தாண்டினால் அதிரும். இங்கே பாரின் விட்டம் 60, எட்ட வேண்டிய தூரம் 400-க்கு மேல். புதிதாகச் சேர்ந்த தம்பி, “இன்னும் ஸ்ட்ராங்கான அலாய் ஸ்டீல் போடலாமே சார்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான். ஆனால் விலை மலிவான ஸ்டீலோ உயர்ந்த அலாயோ, வளையாமல் எதிர்க்கும் திறனைக் காட்டும் மீள்தன்மைக் குணகம் சுமார் 210 ஜிகாபாஸ்கல்தான். அலாய் உடைவதைத் தள்ளிப்போடும், வளைவதைக் குறைக்காது. மெஷின் டூல் வடிவமைப்பில் உடைவது அபூர்வம். நம் தலைவலி முழுக்க வளைவில்தான்.

ஜனவரி 18

பாரின் மறுமுனையையும் ஒரு பேரிங்கில் தாங்கவைப்பது என்று முடிவாகிவிட்டது. 1775 வாக்கில் ஜான் வில்கின்சன் செய்ததும் இதைத்தான். பாரை சிலிண்டருக்குள் ஊடுருவ விட்டு இரு முனைகளிலும் தாங்கினார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்கு ஒழுங்கான சிலிண்டர் கிடைத்தது அப்படித்தான். இருநூற்றைம்பது ஆண்டுகளாகியும் அந்த யோசனைக்கு வயசாகவில்லை. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

இதில் ஒரு இடைஞ்சல் இருக்கிறது. பாரில் டூல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது, இன்னும் வெட்டாத சிறிய துளைக்குள் அது எப்படி நுழையும்? ஸ்பிண்டிலை ஒரே கோணத்தில் நிறுத்தி, ஃபிக்ஸ்சரோடு பொருளைச் சில மி.மீ. தூக்கி, பார் உள்ளே போனதும் மறுபடி இறக்கி உட்காரவைக்க வேண்டும். அப்படி உட்கார்வது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தாக வேண்டும். ஃபிக்ஸ்சர் டிசைனருக்கு ஒரு வாரத் தூக்கம் போச்சு.

பிப்ரவரி 6

பெட் வார்ப்பதா, பிளேட் வெட்டி வெல்டிங் செய்வதா? ஒரே மெஷின் என்றால் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மாதிரி) செலவு இல்லாத வெல்டிங் பக்கம் போயிருப்பேன். இதே போல இன்னும் இரண்டு வரப்போகின்றன, அதனால் வார்ப்பிரும்பு. ஸ்டீலோடு ஒப்பிட்டால் அதன் விறைப்பு ஏறக்குறைய பாதிதான், தடிமனாலும் உள்விலாக்களாலும் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். பதிலுக்கு, அதற்குள் இருக்கும் கிராஃபைட் தகடுகள் அதிர்வை விழுங்கிவிடும். போரிங்கில் அது பெரிய லாபம்.

ஹைட்ராலிக் டேங்கை பெட்டுக்குள் வைத்தால் இடம் மிச்சமாகும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெட் 2 மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம். மேற்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் வந்தால் போதும், நடுவில் சுமார் 11 மைக்ரான் வளையும். 18-ல் 11 போனால் மீதி எதை வைத்து வெட்டுவது? டேங்க் தனியாகத் தரையில் நிற்கட்டும்.

மார்ச் 14

ஃபவுண்டரியிலிருந்து பெட் வந்தது. இரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும் என்பதால் பேட்டர்ன் அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்யப்பட்டது. அளவுகள் சரியாக வந்திருக்கின்றன. மெல்லிய பகுதி முதலில் ஆறும், தடித்தது பின்னால் ஆறும். அந்த இழுபறி உள்ளே இறுக்கமாகத் தங்கிவிடும். மேல் தோலைச் செதுக்கி எடுத்த உடனே, அடங்கியிருந்த இறுக்கம் அவிழ்ந்து பெட் கோணிக்கொள்ளும். அதனால் முதலில் கரடாக மெஷினிங், பிறகு உலையில் 550 டிகிரி, அப்புறம் உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிடுவது. முந்தைய தலைமுறைக்காரர்கள் வார்ப்புகளை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வெளியே போட்டுவைத்தார்கள். நமக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஏப்ரல் 22

இன்று முழுக்க ஸ்கிரேப்பிங் பக்கத்திலேயே நின்றேன். ஸ்பிண்டில் ஹெட் உட்காரும் முகம் கிரைண்டிங் முடிந்து கண்ணாடி மாதிரி இருந்தது. எங்கள் மூத்த ஃபிட்டர் சர்ஃபேஸ் பிளேட்டில் (சமதளம் சரிபார்க்கும் தட்டையான பலகை) நீல மையை மெல்லிசாகத் தடவி, முகத்தை அதன் மேல் வைத்து ஒருமுறை தேய்த்துத் தூக்கினார். இரண்டு மூலைகளில் மட்டும் நீலம், நடுவில் ஒன்றுமே ஒட்டவில்லை. கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த முகம் நடுவில் குழிந்திருக்கிறது.

ஸ்கிரேப்பரின் பிடியை இடுப்பில் முட்டுக்கொடுத்து, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சின்னச் சின்னச் சீவலாக எடுத்தார். ஒரு சீவலுக்குச் சில மைக்ரான்தான் போகும். துடைத்து, மை தடவி, தேய்த்து, மறுபடி சீவல், இம்முறை கை மாற்றுத் திசையில். மதியத்துக்கு மேல் புள்ளிகள் பரவ ஆரம்பித்தன. சாயங்காலம் 25 மி.மீ. சதுரத்துக்குள் எண்ணிப் பார்த்தபோது எங்கும் பதினைந்துக்குக் குறையவில்லை. புள்ளிகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். போல்ட்டை முறுக்கும்போது ஹெட் எல்லா இடத்திலும் தாங்கலோடு உட்காரும், எந்தப் பக்கமும் வளையாது.

அந்த சர்ஃபேஸ் பிளேட் எதை வைத்துச் சமமானது? மூன்று பிளேட்டுகளை மாற்றி மாற்றி ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சீவினால் மூன்றும் சமமாகும். இரண்டு மட்டும் என்றால் ஒன்று குழிந்து மற்றது மேடாகிப் பொருந்திவிடலாம். மூன்றாவது அந்தத் திருட்டைப் பிடித்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் ஜோசப் விட்வொர்த் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த முறை இது. எந்த அளவுகோலும் கையில் இல்லாமல் ஒரு சமதளத்தைப் பெற முடிகிறது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பு.

மே 11

ஸ்பிண்டில் அசெம்பிளி. முன்பக்கம் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்குகள் (குண்டுகள் சாய்வாகத் தாங்கும் வகை) முதுகோடு முதுகாக, அவற்றுக்கு நடுவில் இடைவெளி விட உள் வளையம் ஒன்று, வெளி வளையம் ஒன்று. இரண்டையும் கிரைண்டிங் மெஷினில் ஒரே சக்கில் சேர்த்து வைத்து ஒரே உயரமாக்கிவிட்டு, உள் வளையத்தை மட்டும் சில மைக்ரான் குறைத்தார்கள். நட்டை முறுக்கும்போது அந்தச் சில மைக்ரான்தான் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும். அழுத்தம் குறைந்தால் ஸ்பிண்டில் ஆடும், கூடினால் சூடாகி பேரிங்கின் ஆயுள் போகும்.

கிரீஸ் உள்ளிருக்கும் இடத்தில் கால் பங்குதான். நிறையப் போட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு, வேகமாகச் சுற்றும் பேரிங்குக்கு அது கெடுதல். குறைந்த வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, வெப்பம் அடங்கியதும் அடுத்த வேகம். நாள் முழுக்க இதேதான்.

மே 25

கதவும் இன்டர்லாக்கும் (ஆபத்து இருக்கும்வரை கதவைத் திறக்கவிடாத பூட்டு). மெஷின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 12100 சொல்லும் வரிசை எனக்குப் பிடிக்கும்: முதலில் ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்கு, முடியாததற்கு மறைப்புப் போடு, எச்சரிக்கை ஸ்டிக்கர் கடைசி. ஸ்டாப் அழுத்திய பிறகும் ஸ்பிண்டில் சில வினாடிகள் சுற்றும். அது முழுதாக நின்ற பிறகே கதவின் பூட்டு திறக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

ஜூன் 19

வெட்டிப் பார்க்கிறோம். காலையில் முதல் பீஸ்கள் அருமை. பதினொரு மணிக்கு மேல் துளைகளின் நேர்கோடு மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது. டூல் மாற்றியும் அதேதான். எல்லோரும் ஸ்பிண்டிலைச் சந்தேகித்தார்கள். பெட்டின் இரு பக்கமும் கையை வைத்துப் பார்த்த ஆபரேட்டர், “சார், இந்தப் பக்கம் சூடா இருக்கு” என்றார். தெர்மாமீட்டரில் இரண்டு டிகிரி வித்தியாசம். சுடச்சுட விழும் சீவல்கள் அந்தப் பக்க விளிம்பில் தங்கி, இரும்புக்குள் சூட்டை இறக்கிக்கொண்டிருந்தன.

சரிவான தகடு ஒன்றைப் பெட்டில் ஒட்டாமல், காற்றிடைவெளி விட்டுப் பொருத்தினோம். சீவல் நிற்காமல் கன்வேயருக்கு வழுக்கிப் போகிறது. நகர்வு நின்றது.

ஜூலை 3

50 பீஸும் ஓட்டியாகிவிட்டது. வெட்டிய சூட்டோடு அளக்காமல், 20 டிகிரி அறையில் இரவு முழுக்கக் கிடந்த பிறகே அளந்தோம். பரவல் 15 மைக்ரான், சிஎம்கே 2.0. வாடிக்கையாளரின் ஆட்கள் எங்கள் கருவியை நம்பாமல் தாங்களே இரண்டாம் முறை அளந்தார்கள். அப்படித்தான் செய்யவும் வேண்டும்.

நாளை பிரிக்க ஆரம்பிக்கிறோம். ஸ்க்ரேப் செய்த முகங்களுக்குத் துரு தடுக்கும் எண்ணெய், பாகங்களை அதே இடத்தில் பொருத்த உதவும் டோவல் பின்களுக்கு அடையாளம், ஃபவுண்டேஷன் டிராயிங் ஏற்கெனவே போய்விட்டது. வாடிக்கையாளரின் இடத்தில் தரையில் இறக்கி, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவலால் சமன் பார்த்து, இதே 50 பீஸை மறுபடி ஓட்ட வேண்டும்.