மின்னியை அமுக்கிப் பிடிக்காமல் நகம் வெட்டினோம்

கனடாவுக்குக் குடிபெயர்ந்த மேல்மாடிக் குடும்பம் அம்மாவின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போன நாய் மின்னி. பொமரேனியன் கலந்த சின்ன உடம்பு. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு யார் வந்தாலும் மடியில் ஏறிப் படுத்துக்கொள்வாள். ஆனால் பாதத்தில் விரல் பட்டால் போதும், உடம்பு விறைக்கும், பல் தெரியும்.

டைல்ஸ் தரையில் வாழும் நாய்க்கு நகம் தேய வழியில்லை. மாலையில் மரைன் டிரைவ் பக்கம் நடத்திச் சென்றால் கொஞ்சம் தேயும். ஆனால் முன்காலின் உட்புறத்தில் சற்று உயரத்தில் இருக்கும் தனி நகம் நிலத்தைத் தொடுவதே இல்லை. கவனிக்காமல் விட்டால் அது வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்திவிடும். மற்ற நகங்கள் நீண்டால் ஒவ்வோர் அடியிலும் தரை அவற்றை மேலே தள்ளும். விரல்கள் திரும்பி நடையே மாறிவிடும்.

முதலில், நாய்களுக்கு முடி வெட்டும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனோம். வாயைக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடித்து வெட்டினார்கள். மின்னி பயத்தில் சிறுநீர் கழித்துவிட்டாள். ஒரு நகத்தில் இரத்தமும் வந்தது. நகங்கள் குட்டையாகின, உண்மைதான். ஆனால் அதன் பிறகு துவாயால் பாதம் துடைக்கக்கூட அவள் விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு கைக்குள் அடங்கும் ஓர் உயிரை அடக்குவது யாருக்கும் முடியும். அதனால்தான் சின்ன நாய்களின் பயத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை.

மிருக வைத்தியர் கால்களில் வலியோ காயமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “நகத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் காலைத் தொட விடட்டும்” என்றார். அதையே பிடித்துக்கொண்டோம். நான் தோளைத் தொடுவேன். உடனே அம்மா, உப்புப் போடாமல் அவித்த கோழியில் ஒரு துணுக்கைக் கொடுப்பார். தொடுவது முன்னே, இறைச்சி பின்னே. இந்த ஒழுங்கு மாறவே கூடாது. இறைச்சியை முதலில் காட்டினால், அது வந்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று நாய் இறைச்சியையும் சந்தேகிக்கத் தொடங்கும். தோளிலிருந்து முழங்கால், அங்கிருந்து பாதம், பிறகு ஒரு விரல் என்று வாரக்கணக்கில் இறங்கினோம்.

அவள் காலை இழுத்தால் நான் விட்டுவிடுவேன். எல்லாவற்றையும் மாற்றியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். இழுத்தால் விடுவார்கள் என்று தெரிந்த பிறகு அவள் இழுப்பது குறைந்தது. இழுப்பதற்கு முன்பே அவள் உடம்பால் சொல்வதையும் படிக்கப் பழகினோம். பசியில்லாமல் மூக்கை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, அசையாமல் உறைந்து நிற்பது. உறைந்து நிற்பதைப் பலர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பயம்.

நகவெட்டியைச் சில நாட்கள் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் சும்மா வைத்தோம். பிறகு அவள் சாப்பிடும்போது, அவிக்காத ஸ்பகெட்டியை அதனால் நறுக்கி அந்தச் சத்தத்துக்குப் பழக்கினோம். கத்தரிக்கோல் வடிவில் உள்ள சிறியது போதும். ஆனால் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கியது நகத்தை நசுக்கி வலிக்கச் செய்யும்.

நகத்துக்குள் இரத்தக்குழாயும் நரம்பும் உள்ள சதை இருக்கிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். மின்னிக்குப் பாதி நகங்கள் கறுப்பு. அவற்றை நுனியிலிருந்து மெல்லிய சீவல்களாகத்தான் வெட்ட முடியும். வெட்டிய முகப்பின் நடுவில் கருமையான ஈரப் புள்ளி தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கோன்பிளவர் (சோளமா) எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவள் ஒருமுறை உதறியதில் துளி இரத்தம் வந்தபோது, அதை நகத்தில் வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தோம், நின்றுவிட்டது.

ஒரு மாலைக்கு ஒரு நகம். அவள் அமைதியாக இருந்தாலும் அடுத்ததைத் தொடுவதில்லை. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் உள்ளே உள்ள சதையும் மெல்லப் பின்வாங்கும் என்பதால் நீண்ட நகங்களுக்கு இதுவே நல்லது. இப்போது அம்மா ஒரு தட்டில் கச்சான் (நிலக்கடலை) பட்டர் பூசி வைப்பார், அவள் நக்கிக்கொண்டிருக்கும்போது நான் வெட்டுவேன். சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி சேர்த்த போத்தலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நாய்க்கு அது நஞ்சு. பின்கால்களுக்கு இன்னும் கூடுதல் பொறுமை வேண்டியிருக்கிறது. பட்டாசு வெடிக்கும் நாட்களில் நகவெட்டியை எடுப்பதே இல்லை.

இவ்வளவு செய்தும் கடிக்கவரும் நாய்கள் உண்டு. அவற்றுக்கு முன்கூட்டியே கொடுக்கப் பதற்றம் தணிக்கும் மருந்து இருக்கிறது. மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மனிதர்களின் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.