வீதிக் கணக்கைக் கேட்டு வாங்கும் முறை: படுவான்கரை மாதர் சங்கமொன்றின் அனுபவம்

இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருக்கும் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் யுத்த காலத்திலிருந்தே மனு எழுதிப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். காணாமல் போனவர்களுக்காக, பெர்மிட் (அரசு அனுமதிப்பத்திர) காணிக்காக, பஸ்ஸுக்காக எழுதிய மனுக்கள் அவை. பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தபின், அதே கந்தோர்களிடம் நாள் கணக்கு வைத்துக் கேட்க முடிகிறது. ஊர் வீதிக்குக் கொங்கிரீட் போட்ட கணக்கைக் கேட்டு வாங்கிய வழியை இங்கே எழுதுகிறோம். கிணறு, மதகு, வடிகான் எதற்கும் இதே வழிதான்.

முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். ஊர் உள்வீதி பெரும்பாலும் பிரதேச சபைக்குரியது. பெருவீதியென்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களமாகவோ வீதி அபிவிருத்தி அதிகார சபையாகவோ இருக்கும். பிரதேச சபை வீதிக்குப் பிரதேச செயலகத்தின் ஊடாகக் காசு வந்திருக்கவும் கூடும். இதில் பிழைத்தால் கடிதம் சுற்றித் திரியும், வாரக்கணக்கு வீணாகும். சந்தேகமென்றால் இரண்டு இடத்துக்கும் கொடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி எழுதுவதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. "ஏன் வீதி உடைந்தது?", "இது நியாயமா?" என்று எழுதினால் அதற்கான தகவல் தங்களிடம் இல்லை என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. கோப்பில் இருக்கும் கடதாசியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: இந்த வீதியின் மதிப்பீட்டுப் பிரதி, எந்த வேலை எவ்வளவு என்று காட்டும் அளவுப் பட்டியல், ஒப்பந்தப் பிரதி, கொடுத்த கொடுப்பனவு வவுச்சர்கள், வேலை முடிந்ததாக வழங்கிய சான்றிதழ். வீதியின் பெயர், கிராம சேவகர் பிரிவு, வருடம் மூன்றும் இருக்கட்டும். ஒரு விண்ணப்பத்தில் இருபது கேள்வி அடுக்க வேண்டாம், நாலைந்து போதும்.

ஆர்.டி.ஐ. 01 படிவத்தில் எழுதலாம், வெறும் கடிதமாகவும் கொடுக்கலாம். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அந்தக் கந்தோரின் தகவல் அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் வயதான அங்கத்தவர்களுக்கு இது பெரிய பலம். "என்னத்துக்குத் தங்கச்சி இதெல்லாம் உங்களுக்கு?" என்று கேட்பார்கள். "காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு சட்டத்தில இருக்கு சேர்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். சங்கத்தின் பெயரிலும் கேட்கலாம். ஆனால் ஒரே பெண் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைத்தால் அவரைத்தான் குறிவைத்து வெருட்டுவார்கள். இரண்டு மூன்று பேர் பகுதி பகுதியாகக் கேட்பதே நல்லது.

நேரில் கொடுப்பதென்றால் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபால். அந்தத் துண்டு தொலைந்தால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

அன்றிலிருந்து 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) கழித்தால் மூன்று வாரம் போல வரும். தருவதாகச் சொன்னால், கட்டணம் கட்டி 14 நாளுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். காரணம் எழுதி மேலும் 21 நாள் வரை நீடிக்கவும் அவர்களுக்கு இடமுண்டு. 2017 வர்த்தமானிப்படி ஏ4 பிரதி ஒரு பக்கம் 2 ரூபா, இரு பக்கமும் 4 ரூபா. கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் அதையும் மறுப்பாகவே எடுங்கள். 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கவென்று நியமிக்கப்பட்ட குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு ஆர்.டி.ஐ. 10 படிவத்தில் மேன்முறையீடு செய்ய வேண்டும். "அடுத்த கிழமை வாங்க" என்ற பேச்சை நம்பி நாங்கள் ஒருமுறை இந்தத் தவணையை விட்டுவிட்டு, மறுகா முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. குறித்தளிக்கப்பட்ட அலுவலர் மூன்று வாரத்துக்குள் முடிவு தர வேண்டும். அதிலும் திருப்தியில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கடதாசி வந்தபின் அளக்க வேண்டும். அளவுப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும், கட்டட வேலை தெரிந்த ஒருவரை வைத்து வாசியுங்கள். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 0.15 மீற்றர் கனம் என்றிருந்தால் 45 கன மீற்றர் கொங்கிரீட். கனம் 0.10தான் என்றால் 30. பதினைந்து கன மீற்றருக்கு உரிய காசு எங்கே என்று அப்போது கேட்கலாம். ஓரத்து மண்ணை விலக்கி, குறைந்தது ஐந்து இடத்தில், டேப் தெரியும்படி படமெடுங்கள். அடிநிலம் மேடு பள்ளமாக இருப்பதால் ஒரு இடத்து அளவை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள், அது எங்கள் பக்கத்தைத்தான் பலவீனமாக்கும்.

எல்லாப் பிரதியையும் இரண்டு வீட்டில் வைத்திருக்கிறோம், பொலித்தீனில் சுற்றி, பரணில். மாரி வெள்ளம் இரண்டு வீட்டுக்குள்ளும் ஒன்றாக வந்தாலும் அந்த உயரத்துக்கு ஏறாது.