நாஃப்ளரைக் கேட்டபடி பெண்ணையாற்றைத் தாண்டினேன்

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் ஆறுகளை எண்ணிக்கொண்டே போகலாம். திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தை விட்டதும் கெடிலம், ஆல்பேட்டையைத் தாண்டினால் தென்பெண்ணை, நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு, பிறகு அரியாங்குப்பம் ஆறு. ஆற்றின் பெயரைச் சுமந்து வந்த ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்க இந்தச் சாலையைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

‘டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்’ ராக் குழுவின் பாடகரும் கிடார் கலைஞருமாக இருந்த மார்க் நாஃப்ளரின் ‘ஒன் டீப் ரிவர்’ 2024 ஏப்ரலில் வெளிவந்தது. 2018க்குப் பிறகு அவர் தந்த தனி ஆல்பம், பன்னிரண்டு பாடல்கள், லண்டனில் அவருடைய சொந்த ஸ்டூடியோவிலேயே பதிவானது. அப்போது அவருக்கு வயது 74. “மெதுவாகப் போகிறது, கிடார் எங்கே?” என்று கேட்ட நண்பர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிடார் எல்லாப் பாட்டிலும் இருக்கிறது. அவர் ஒரு வரியைப் பாடி முடித்ததும், அந்த வரிக்குப் பதில் சொல்வதுபோல் நான்கைந்து சுரங்கள் வருகின்றன, அவ்வளவுதான். கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிளெக்ட்ரத்தைப் பிடிக்காமல் வெறும் விரலால் மீட்டுகிறவர் அவர். சதை கம்பியைத் தொட்டு விலகும் மென்மை ஹெட்போனில் தெளிவாகக் கேட்கிறது. வேகமாக வாசித்து உலகையே கட்டிப்போட்ட ஒருவர், வாசிக்காமல் விடவேண்டிய இடங்களை இவ்வளவு நிதானமாகத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த ஆல்பத்தின் அழகு. கிரெக் லீஸின் பெடல் ஸ்டீல் கிடார் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்போது கோட்டு வாத்தியம் கேட்டுப் பழகிய காது உடனே நிமிர்ந்துவிடும்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது இரண்டாவது பாட்டு. மணல்திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் ஒதுங்கி ஓடியது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை நீரோடு கரை மீறிப் பாய்ந்த அதே ஆறு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

கிருமாம்பாக்கம் பக்கம் ‘டனல் 13’ வந்தது. 1923இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், சிஸ்கியூ மலைச் சுரங்கப்பாதையில் மூன்று சகோதரர்கள் ரயிலை மறித்துக் கொள்ளையடிக்க முயன்றார்கள். நான்கு பேரைக் கொன்றார்கள். நாஃப்ளர் அந்தச் சம்பவத்தைக் குரலே உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போகிறார். அந்தச் சுரங்கத்தைத் தாங்கி நின்ற ரெட்வுட் மரக்கட்டைகள் பிற்பாடு கிடார் செய்யப் பயன்பட்டன என்பது கதையை விட வியப்பானது.

அரியாங்குப்பத்தில் இறங்கினேன். எங்கள் ஊர்க்காரரான ஓர் அண்ணன் அங்கே குடியிருக்கிறார். பல ஆண்டுகள் நிருபராக இருந்தவர். அவருடைய வண்டியில் அரிக்கமேட்டுக்குப் போனோம். ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்த, 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த இடம். இப்போது மாமரங்களும் இடிந்த செங்கல் சுவர்களுமாக இருக்கிறது. பார்க்க அதிகம் இல்லை. ஆனால் ஆற்றங்கரையில் உட்கார நல்ல நிழல்.

அண்ணனுக்கு ‘பிளாக் டை ஜாப்ஸ்’ பாட்டைப் போட்டுக் காட்டினேன். இசைக்கு வருவதற்கு முன் நாஃப்ளர் லீட்ஸ் நகரில் இளம் நிருபராக இருந்தவர். துக்க வீட்டுக்குக் கறுப்பு டை கட்டிக்கொண்டு போய்ச் செய்தி சேகரிக்கும் வேலையைப் பற்றிய பாட்டு இது. விளக்கிச் சொன்னதும் அண்ணன் வெகுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுனாமிக்கு மறுநாள் தேவனாம்பட்டினத்தில் வீடு வீடாகப் போய்ப் போட்டோ கேட்டேன், தம்பி. ஒரு அம்மா சுவரிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்து, ‘பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடு சாமி’ என்றார்.”

“திருப்பிக் கொடுத்தீர்களா அண்ணே?”

“அன்று சாயங்காலமே. ஓடினேன்.”

இந்த ஆல்பத்தில் எனக்கு முதலிடம் அந்தப் பாட்டுக்குத்தான். கருணையை அறிவித்துக்கொள்ளாத கருணை அதில் இருக்கிறது.

கடைசிப் பாட்டான ‘ஒன் டீப் ரிவர்’ நாஃப்ளர் வளர்ந்த நியூகாசிலின் டைன் ஆற்றைப் பற்றியது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆற்றைத் தாண்டினால் ஊரை விட்டுப் போகிறோம், மறுபடி தாண்டினால் வீடு வந்துவிட்டது. கடலூர்க்காரர்களுக்குப் பெண்ணை அப்படித்தான். சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வரும்போது அந்தப் பாலம் வந்ததும் தானாகவே விழித்துக்கொண்டு பையைத் தேடுவோம். பாட்டில் பெரிய உச்சம் எதுவும் கிடையாது. ஆறு ஓடும் வேகத்திலேயே ஓடி நிற்கிறது.

குறை ஒன்று உண்டு. நடுவில் வரும் ஓரிரு பாடல்கள் ஒரே நடையில் போவதால் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதே மாதத்தில் நான்கு பாடல்களோடு தனியாக வெளியிட்ட ‘தி பாய்’ இசைத்தட்டைத் திரும்பும் வழியில் கேட்டேன். திருவிழாக் குத்துச்சண்டைக் கூடாரங்களைச் சுற்றிய பாடல்கள் அவை. அவற்றில் ஒன்றையாவது இந்த ஆல்பத்தின் நடுவில் வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டையும் மறுபடி கேட்டுவிட்டுப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.