நாலு விரற்கடை அந்தரம்

இன்று காலை ஆறேகாலுக்குக் கீழ்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டியபோது, நான் ஹால் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி அந்தரத்தில் இருந்தேன். உயரம் நாலு விரற்கடைதான். அந்தரம் அந்தரம்தானே.

"என்ன கண்ணு, காலங்காத்தால ராகி இடிக்கிறியா? எங்க ஃபேன் ஆடுது."

ஆடிக்காத்திலேயே ஆடாத ஃபேன் அது.

எல்லாம் நம் அந்த்ரஷா கத்ர விவகாரம்தான். 90 கிலோமீட்டர் பஸ்ஸில் நசுங்கி பெங்களூர் போய் பாலே நடனம் கற்கிறேனே, அதில் ஆறு மாதமாக என் காலில் ஏறாத ஒரு குதிப்பு அது. நேராகக் குதிக்கும்போது முன்கால் பின்னால் போய்த் தட்டி, மறுபடி முன்னால் வந்து இறங்க வேண்டும். இரண்டு தடவைதான். ஆனாலும் ஒவ்வொரு காலையும் தனியாக எண்ணி 'கத்ர', அதாவது பிரெஞ்சில் 'நாலு' என்கிறார்கள். கிருஷ்ணகிரியில் ஏறினால் மாங்கூடைக்கும் தனி டிக்கெட் கிழிப்பாரே கண்டக்டர், அதே கணக்கு.

அதற்கு முன் பழக வேண்டியது ராயல். கம்பியில் பாரத்தைப் போட்டுக் குதி, காலைக் கொஞ்சம் திற, மாற்றாமலே கெண்டைக்காலோடு கெண்டைக்கால் தட்டு, திற, மாற்றி இறங்கு. பதினான்காம் லூயிக்கு 'நாலு' வராததால்தான் இதற்கு ராஜப் பெயர் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, எனக்குப் பிடித்த கதை. அந்த ஆள் 1661-ல் பாரிஸில் நடனத்துக்கென்றே ஒரு அகாடமி வைத்தார். வராவிட்டால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். எனக்கு வராவிட்டால் கீழ்வீட்டு அக்கா வருகிறார்.

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அத்தை என் காலையே பார்க்கிறார்.

"கட்டையாட்டம் வந்து விழற. நாங்க புளியமரத்துல இருந்து குதிச்சா குத்தகைக்காரன் காதுல விழாது. முன்பாதத்தை முதல்ல வைக்கணும். அப்புறம் குதிகால். முட்டி தன்னால மடங்கிக்கணும்."

ப்ளியே! பாலேயில் முட்டி மடக்குவதற்கு அதுதான் பெயர். மாதாமாதம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு பெங்களூர் டீச்சர் கத்துவதும் இதையேதான். அத்தை எத்தனை தோப்பில் பயிற்சி எடுத்தார் என்று கேட்டேன். "உங்க மாமாகிட்ட சொல்லாத" என்றார். மாமா போய் ஒன்பது வருஷம்.

மறுபடி கம்பியைப் பிடித்தேன். முன்பாதம், குதிகால், முட்டி. சத்தமே இல்லை. தட்டும் விழவில்லை, அது வேறு விஷயம். மூச்சு வாங்கிச் சோபாவில் சாய்ந்தேன்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கீழேயிருந்து குரல்: "கண்ணு, இன்னுமா இடிக்கிற?"

நான் சோபாவில். என் வீட்டுக்காரர் இன்னும் தூக்கத்தில். வீட்டில் ஒரே ஒரு சத்தம்தான்: ணங், ணங், ணங். கட்டிலடியில், தரையில் வைத்த இரும்பு உரல்.

அத்தையைப் பார்த்தேன். அவர் பாக்கைப் பார்த்தார்.

"இனிமே மெதுவா குதிக்கிறேன்னு சொல்லிரு கண்ணு" என்றார், இடிப்பதை நிறுத்தாமல்.