பதிமூன்று பழைய கணினிகளும் திரை உடைந்த ஒரு லேப்டாப்பும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசசர்கள் பெரும்பாலும் அதன் பட்டியலிலேயே இல்லை. இதனால் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள்கூடக் காயலான் கடைக்குப் போகத் தொடங்கின. கோயம்புத்தூரில் ஒரு அலுவலகம் தூக்கிப் போடவிருந்த பதிமூன்று சிபியுக்களை நான் அப்படித்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்பது 4ஆம் தலைமுறை ஐ3, நான்கு கோர் 2 டியோ. பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் ஊரில், இருக்கும் படிப்பகத்துக்கும், அதை ஒட்டி மாலையில் நடக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் இவற்றைச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்பது எண்ணம்.

எனக்கு வேலை கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், மின்பராமரிப்பு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் பச்சை இலை வரத்து குறையும், எனக்கும் ஞாயிற்றுக்கிழமை கையில் நிற்கும். கூட ஒத்தாசைக்கு அண்ணன் மகன், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னால், முன்பு உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிய அறைதான் எங்கள் பட்டறை.

மேட்டுப்பாளையத்திலிருந்து பிக்கப் வண்டியில், பழைய கம்பளிகளில் சுற்றி, குஞ்சப்பனை வழியாக ஏற்றிக்கொண்டு வந்தோம். கீழே வெயில், மேலே வந்து சேரும்போது மூடுபனி. வந்த உடனே ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று தம்பிக்கு ஆசை. நான் விடவில்லை. ஈரமும் சூடும் மாறும் இடத்தில் போர்டின் மேல் நீர் பூக்கும், அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் போச்சு. இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மறுநாள்தான் பிளக்கைச் செருகினோம்.

பழுதுபார்ப்பு நான் நினைத்த அளவுக்குப் பெரிய வேலையாக இல்லை. நான்கு இயந்திரங்கள் பீப் அடித்துவிட்டு நின்றன. ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட அழி ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்துத் திரும்பச் செருகியதும் மூன்று எழுந்துவிட்டன. நான்காவதுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்ற வேண்டியிருந்தது. காய்ந்து கட்டியாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டை எல்லாவற்றிலும் மாற்றினோம்.

உண்மையான வேலை மென்பொருளில் இருந்தது. டெபியன் 13 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுவது என்று முடிவு. அதில் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் கிடையாது. ஆனால் கோர் 2 டியோவும் 64 பிட்தான், அதனால் கவலையில்லை. டெஸ்க்டாப், லிப்ரெஆபிஸ், பயர்பாக்ஸ், தமிழ் எழுத்துரு, தட்டச்சு எல்லாம் சேர்த்தால் ஒரு இயந்திரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை ஜிபி இறங்குகிறது. எங்கள் வீட்டு இணைப்பு மழை நாளில் 2 எம்பிபிஎஸ் வந்தாலே பெரிய விஷயம். அந்த வேகத்தில் ஒரு இயந்திரத்துக்கு நூறு நிமிடம். பதிமூன்றுக்கும் தனித்தனியாக இறக்கினால் கிட்டத்தட்ட இருபத்திரண்டு மணி நேரம், அதுவும் இடையில் லைன் அறுந்து போகாமல் இருந்தால். அப்புறம் அப்டேட் வேறு. ஒரே பொருளைப் பதிமூன்று தடவை மலையேற்றுவதில் அர்த்தமே இல்லை. ஒருமுறை ஏற்றி, இங்கேயே வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும்.

டெபியனின் மென்பொருள்கள் எல்லாம் இருக்கும் களஞ்சியத்தை முழுவதும் நகலெடுத்து வைக்கலாமா என்று முதலில் யோசித்தேன். பல நூறு ஜிபி. அதில் நாங்கள் தொடப்போவது நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் ஆப்ட்-கேச்சர்-என்ஜி. இது நடுவில் உட்காரும் ஒரு இடைத்தரகர்: ஒரு இயந்திரம் ஒரு பொதியை, அதாவது ஒரு மென்பொருள் கட்டை, கேட்டால் வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு பிரதியைத் தன் சேமிப்பில் (கேச்) வைத்துக்கொள்ளும். அடுத்த இயந்திரம் கேட்டால் வெளியே போகாது. 3142ஆம் போர்ட்டில் ஓடும். களஞ்சிய முகவரியை எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய வழியில் கொடுத்தால் இதனால் உள்ளே பார்க்க முடியாது, சேமிக்கவும் முடியாது. வெறும் எச்டிடிபி என்று கொடுக்க வேண்டும். பாதுகாப்பு போய்விடுமே என்று தம்பி கேட்டான். பொதிப் பட்டியலில் டெபியனின் கையொப்பம் இருக்கிறது, பொதிகளை நிறுவும் ஆப்ட் நிரல் அதைச் சரிபார்த்த பிறகுதான் எதையும் நிறுவும். வழியில் யாராவது மாற்றியிருந்தால் அங்கேயே பிடிபடும். இந்தக் கையொப்பம் பின்னால் எங்களை நான்கு நாள் அலைக்கழித்தது, அதற்கு வருகிறேன்.

சர்வருக்கு, திரை உடைந்து மூலையில் கிடந்த என் பழைய லேப்டாப். எட்டு ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி. திரை இல்லாவிட்டால் என்ன, பேட்டரி இருக்கிறதே. இங்கே மரக்கிளை விழுந்து கரண்ட் போவது சாதாரணம், சர்வருக்கு யுபிஎஸ் உள்ளேயே இருக்கிற மாதிரி ஆயிற்று. எட்டு போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று வாங்கினோம். கேட் 5இ கேபிளை அளந்து வெட்டி, ஆர்ஜே45 முனைகளை நாங்களே கிரிம்ப் செய்தோம். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று வரிசையை வாயால் சொல்லிக்கொண்டே தம்பி பத்து முனை போட்டான், அதில் இரண்டுதான் டெஸ்டரில் தவறின.

ஒவ்வொன்றுக்கும் பென்டிரைவ் செருகிக்கொண்டிருக்க வேண்டாம் என்று பிஎக்ஸ்இ வைத்தோம். இயந்திரம் எழும்போதே நெட்வொர்க்கில் 'எனக்கு முகவரி கொடு, எழுப்பும் கோப்பையும் கொடு' என்று கேட்கும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே நிரல் டிஎச்சிபியில் முகவரியையும், டிஎப்டிபியில் கோப்பையும் கொடுத்துவிடும். இயந்திரத்தை எழுப்பும் அடிப்படை நிரல் கோர் 2 டியோக்களில் பழைய பயாஸ், ஐ3க்களில் யுஇஎப்ஐ. இரண்டுக்கும் ஒரே கோப்பு ஆகாது. கேட்கும்போதே தான் எந்த வகை என்பதை இயந்திரம் ஒரு எண்ணில் சொல்லிவிடுகிறது: டிஎச்சிபியில் 93ஆம் விருப்பம், 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யுஇஎப்ஐ. அதைப் பார்த்து டிஎன்எஸ்மாஸ்க்கில் இரண்டு வரி எழுதியதும் இரண்டு வகையும் ஒரே சுவிட்சிலிருந்து எழுந்தன. அதே மெனுவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டையும், டிஸ்க்கை அழிக்கும் என்வைப்பையும் சேர்த்துவிட்டேன்.

அழிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வந்த டிஸ்க் ஒன்றில் ஊழியர்களின் சம்பளப் பட்டியல் அப்படியே இருந்தது. கோப்பின் பெயரைப் பார்த்ததும் மூடிவிட்டேன். பழைய கணினி வாங்கிச் சரிசெய்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: திறந்து பார்க்காமல், முழுவதும் எழுதி அழித்துவிட வேண்டும். அழித்த பிறகு, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தோம். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் ஏறிக்கொண்டே போன இரண்டு டிஸ்க்குகளை ஒதுக்கிவிட்டோம்.

நவம்பரில் இரண்டு அடி விழுந்தது. வீட்டு ரவுட்டரிலிருந்து பட்டறைக்கு முப்பது மீட்டர் கேபிள் இழுத்து சுவிட்சில் சேர்த்திருந்தேன். அதாவது வீடும் பட்டறையும் ஒரே நெட்வொர்க். அன்று சாயங்காலமே வீட்டிலிருந்து குரல்: "என்னங்க, போன்ல நெட்டே வரலை!" ரவுட்டரும் முகவரி கொடுக்கிறது, என் டிஎன்எஸ்மாஸ்க்கும் கொடுக்கிறது. போன் என்னுடையதை எடுத்துக்கொண்டது, என்னிடமோ வெளியே போக வழி இல்லை. ஒரு நெட்வொர்க்கில் இரண்டு டிஎச்சிபி இருக்கக் கூடாது என்பது தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் கவனிக்கவில்லை. அதைச் சரிசெய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை இடியோடு வந்தது. எங்கோ பக்கத்தில் இடி விழ, ரவுட்டரில் ஒரு போர்ட்டும் சுவிட்சில் ஒரு போர்ட்டும் செத்துப்போயின. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திறந்தவெளியில் செம்புக் கேபிள் இழுத்தால் அது இடிக்கு வழி போட்டுக் கொடுப்பது போல. மின்சார வேலை பார்க்கிறவன், முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

கேபிளைச் சுருட்டிவிட்டேன். லேப்டாப் வைஃபையில் வீட்டு ரவுட்டரோடு பேசும், கேபிள் வழியாகப் பட்டறை சுவிட்சோடு பேசும். பட்டறைக்கு 192.168.50 என்று தனி வரிசை. உள்ளே இருக்கிற இயந்திரங்களுக்கு நேரடி இணையம் கிடையாது, லேப்டாப்பில் இருக்கும் களஞ்சியம் மட்டும்தான். இரண்டு பிரச்சினையும் ஒரே மாற்றத்தில் தீர்ந்தன.

டிசம்பர் முதல் ஞாயிறு. எல்லாம் தயார். முதல் ஐ3ஐ எழுப்பினோம், இன்ஸ்டாலர் வந்தது, கேள்விகளுக்கான பதிலை முன்கூட்டியே எழுதி வைத்த ப்ரீசீட் கோப்பை அதுவே படித்தது, டிஸ்க்கைப் பிரித்தது. அடிப்படை அமைப்பை நிறுவும் இடத்தில் நின்றுவிட்டது. களஞ்சியத்தின் கையொப்பம் செல்லாது என்றது. கேச்சை அழித்தேன், நெட்பூட் கோப்பைப் புதிதாக இறக்கினேன், களஞ்சியத்தின் பிரதி இருக்கும் வேறு தளத்துக்கு (மிரர்) மாற்றினேன். அதே பிழை. விந்தை என்னவென்றால் கோர் 2 டியோவில் ஒன்று ஒழுங்காக முடிந்தது, ஐ3க்கள் வரிசையாகத் தவறின. வேலை நாட்களில் ராத்திரி ஒரு மணி வரைக்கும் லாக் படித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் தம்பிதான் பயாஸ் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சித்தப்பா, இதுல தேதி 2013ன்னு இருக்கு."

சிமாஸ் பேட்டரி. போர்டில் இருக்கும் சிஆர்2032, மூன்று வோல்ட் வட்டப் பேட்டரி. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 0.8. பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் 2013 ஜனவரி 1க்குப் போய்விடுகிறது. அந்தக் கணினியைப் பொறுத்தவரை, டெபியனின் கையொப்பம் இன்னும் பிறக்காத ஒரு தேதியில் போட்டது. கையொப்பம் போட்ட சாவியே எதிர்காலத்தில் உண்டானது. நம்பாமல் இருப்பது அதன் கடமை, சரியாகத்தான் செய்திருக்கிறது. வழக்கமாக இன்ஸ்டாலர் இணையத்தில் நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். நான்தான் நேரடி இணையத்தை அடைத்துவிட்டேனே, அது யாரிடம் கேட்கும்?

கோத்தகிரியில் ஒரு வாட்ச் கடையில் பதிமூன்று பேட்டரி வாங்கினேன், ஒன்று நாற்பது ரூபாய். அதோடு விடவில்லை. லேப்டாப்பில் குரோனி என்ற நேர நிரலை நிறுவி, உள்ளே கேட்கிறவர்களுக்கெல்லாம் நேரம் சொல்லும்படி அனுமதி கொடுத்தேன். வெளியே லைன் போனாலும் தன் கடிகாரத்தை வைத்துத் தொடர்ந்து சொல்லும்படி ஒரு வரி. ப்ரீசீட்டில் நேர சர்வராக அதன் முகவரி. அடுத்த முயற்சியில் ஐ3 நிற்காமல் ஓடி முடித்தது. களஞ்சியம் வைக்க நினைக்கிற எல்லோருக்கும் சொல்வேன், பொதிகளுக்கு முன்னால் நேரத்தைக் கொடுங்கள்.

அப்புறம் வேகம் பிடித்தது. கேச் காலியாக இருந்தபோது முதல் இயந்திரம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் எடுத்தது. அடுத்தது இருபத்திரண்டு நிமிடம், அதிலும் பெரும்பகுதி பழைய ஹார்டு டிஸ்க் எழுதிக்கொண்டிருந்த நேரம். ஒரு ஞாயிறு மத்தியானம் நான்கை ஒன்றாக எழுப்பிவிட்டு, நாங்கள் அவரைக்கொட்டைக் குழம்பு சாப்பிட்டு வருவதற்குள் நான்கும் லாகின் திரையில் நின்றன. அன்று வெளியே லைன் சுத்தமாக இல்லை!

தமிழுக்கு என்று ஒரு சொந்தப் பொதி செய்தேன். ஈக்விவ்ஸ் என்ற கருவியில், 'இவையெல்லாம் வேண்டும்' என்று பட்டியல் மட்டும் உள்ள வெற்றுப் பொதி: லோகித் தமிழ், நோட்டோ எழுத்துருக்கள், லிப்ரெஆபிஸின் தமிழ் மொழிக்கோப்பு, தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ்-எம்17என், படம் வரைய டக்ஸ் பெயின்ட், பிள்ளைகளின் கல்வி விளையாட்டுகளுக்கு ஜிகாம்ப்ரி. ரெப்ரெப்ரோ என்ற கருவியைக் கொண்டு அதை எங்கள் சொந்தக் களஞ்சியத்தில் வைத்து, எங்கள் சாவியால் கையொப்பமிட்டோம். இனி ஏதாவது சேர்க்க வேண்டுமானால் பட்டியலில் ஒரு வரி, பதிப்பு எண்ணில் ஒன்று கூட்டினால் போதும், அடுத்த அப்டேட்டில் எல்லா இயந்திரங்களுக்கும் போய்ச் சேரும்.

தட்டச்சுக்குத் தமிழ்99. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. டெபியனில் சாதாரணக் கீபோர்டு அமைப்பிலேயே தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கிறது, ஆனால் புள்ளியைத் தானே வைக்கும் வித்தை அதில் வராது. ஐபஸில் வரும். அதற்காகத்தான் ஐபஸ். பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பாப்பாவை உட்காரவைத்துச் சோதித்தோம். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, திரையில் 'அம்மா'. அடுத்து அவளாகவே க, ஓ, த, த, க, இ, ர, இ என்று தேடித் தேடி அழுத்தி, 'கோத்தகிரி' என்று வந்ததும் திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை, தன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் அடித்துவிட்டுத்தான் போனாள்.

ஜனவரியில் முதல் ஐந்தைப் படிப்பகத்தில் வைத்தோம். இரண்டாம் நாளே போன் வந்தது, அப்டேட் ஆகவில்லை என்று. பட்டறையில் இருக்கும் லேப்டாப்பைத்தான் அவை இன்னமும் தேடிக்கொண்டிருந்தன. எங்கள் பொதியின் பட்டியலில் ஆட்டோ-ஆப்ட்-ப்ராக்சியைச் சேர்த்தேன். பக்கத்தில் கேச் இருந்தால் அதைப் பிடிக்கும், இல்லாவிட்டால் நேராக வெளியே போகும். அந்த ஐந்திலும், பட்டறை லேப்டாப்பைக் காட்டிய ப்ராக்சி வரியை நேரில் போய் அழித்து, புதிய பொதியைப் போட்டுவிட்டு வந்தோம்.

போனபோது, இணையம் இல்லாமலே விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸ் நிரலையும் வைத்தோம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் முழுப் பிரதியை ஒரே கோப்பாக இறக்கி, ஐந்தில் ஒரு இயந்திரத்திலிருந்து மற்ற நான்குக்கும் பரிமாறலாம். போன வாரம் மழையில் இரண்டு நாள் லைன் இல்லை. டியூஷன் பிள்ளைகள் நீலகிரி வரையாட்டைப் பற்றிப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது மேசையில் எட்டு. ஐ3 ஐந்தும் முடிந்து, விசைப்பலகைக்காகக் காத்திருக்கின்றன. மீதி மூன்று கோர் 2 டியோவிலும் தலா இரண்டு ஜிபி ராம்தான் இருக்கிறது, பயர்பாக்ஸ் திறந்தால் திணறுகிறது. ராமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் சிராம் போட்டதில் கொஞ்சம் மூச்சு விடுகிறது, ஆனாலும் டிடிஆர்2 ராம் கிடைத்தால்தான் பிள்ளைகளிடம் கொடுப்பேன். கோவை உக்கடத்தில் பழைய ராம் விற்கும் கடை ஒன்றைத் தம்பி விசாரித்து வைத்திருக்கிறான், இந்தச் சனிக்கிழமை கீழே இறங்குகிறோம்.