கடைமடைக் கிணறுகளும் ஒரு சிவப்புச் சீட்டும்

கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை ஊர்களில் நாற்பது கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை போய் மீட்டரை வைத்து மின்கடத்துத் திறனைக் குறித்துக்கொள்வேன். உப்பு கூடினால் அந்த எண்ணும் கூடும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் களவேலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திணறியதெல்லாம் நோட்டில் இருந்ததைக் கணினியில் ஏற்றிய பிறகுதான்.

2021 முழுவதும் எடுத்த அளவுகளை எக்செலில் அடித்து, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் முதல் வரைபடம் போட்டேன். ஊருக்குப் போனபோது அப்பாவிடம் காட்டினேன். வரைபடம் என்றால் அவருக்குப் பழக்கம் கிடையாது. எந்தக் கோடு எந்த மாதம் என்று விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தவர், மே மாதத்தில் நின்றுவிட்டார். "கத்திரி வெயில்ல எந்தக் கிணத்துலம்மா இவ்வளவு நல்ல தண்ணி இருந்துச்சு?" என்றார்.

அன்று இரவே நோட்டை எடுத்துப் பார்த்தேன். மே மாதப் பக்கம் காலியாக இருந்தது. 2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு, அந்த மாதம் நான் அளவே எடுக்கவில்லை. ஆனால் எக்செலில் மே 11 என்று வரிசையாக எண்கள் இருந்தன. தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 5ஆம் தேதி, மழையில் நனைந்துகொண்டே எடுத்த அளவுகள் அவை. நான் 05/11/2021 என்று அடித்திருக்கிறேன். என் மடிக்கணினி அமெரிக்க முறையில் இருந்ததால் மாதத்தை முதலில் படித்து, மே 11 ஆக்கிவிட்டது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதிகளை அப்படி மாற்ற முடியாது, பதினான்காவது மாதம் என்று ஒன்று இல்லையே. அவற்றை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது, வரைபடத்திலும் அவை விழவில்லை. பாதி இடம் மாறி, பாதி காணாமல் போனதால்தான் இது எனக்குக் கண்ணில் படவே இல்லை. அப்பா கேட்டிருக்காவிட்டால் அந்த வரைபடம் அப்படியே கட்டுரையில் போயிருக்கும். இதை இப்போது எழுதும்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அதற்கப்புறம்தான் ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஐந்து நாள் கணினிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் என்று பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். தாவரவியல், பொருளியல், வரலாறு என்று துறைகள் வேறு வேறு. கற்றுக்கொடுத்தது ஆர் என்னும் நிரல்மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இரண்டு புள்ளியியல் ஆசிரியர்கள் உருவாக்கியது, இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் நாள் முழுவதும் நிறுவுவதிலேயே போனது. என் பட்டியலில் ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தேன். வேட்டைக்காரனிருப்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் கோணக்குறிகளுக்குள் எண்களும் எழுத்துகளுமாக வந்து நின்றன. விண்டோஸில் பழைய ஆர் தமிழ் எழுத்தை அப்படித்தான் காட்டும். 2022 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பில் அது சரியாகிவிட்டது, அதைப் போட்டதும் என் ஊர்கள் திரும்பி வந்தன. தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் பதிப்பு எண்ணை முதலில் பாருங்கள்.

அந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. ஆளுக்கு ஒரு பச்சைச் சீட்டு, ஒரு சிவப்புச் சீட்டு, இரண்டும் ஒட்டும் தாள். வேலை முடிந்தால் மடிக்கணினியின் முதுகில் பச்சையை ஒட்ட வேண்டும், எங்காவது மாட்டிக்கொண்டால் சிவப்பு. சுற்றி நிற்கும் உதவியாளர்களில் ஒருவர் சிவப்பைப் பார்த்து வந்துவிடுவார், கையைத் தூக்கி எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். 1998இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி என்ற ஆராய்ச்சியாளர் பயிற்சித் திட்டத்தின் வகுப்புகளில் இந்த வழக்கம் உண்டு என்றார் ஆசிரியர். தமிழ்வழியில் படித்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சிவப்புச் சீட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று எப்படிச் சொல்வது? ஒன்றரை நாள் நான் அதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் மதியம் பக்கத்து இருக்கையிலிருந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் சிவப்பை ஒட்டினார். அதன் பிறகு நானும் ஒட்டினேன்.

தேதிக் கதையை அங்கே சொன்னேன். ஆசிரியர் எனக்கு ஆறுதலாக ஒன்று சொன்னார். மார்ச்1, செப்ட்1 என்ற பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றி மாற்றி, கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றும்படி ஆகிவிட்டதாம். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதவும், மூலத் தரவைத் தனி ஃபோல்டரில் வைத்து அதில் கை வைக்காமல் திருத்தங்களையெல்லாம் நிரலிலேயே செய்யவும் அங்கேதான் பழகினேன்.

பயிற்சி முடிந்து மூன்று வாரத்தில் பாதி மறந்துவிட்டது. இதை யாரும் சொல்வதில்லை. வகுப்பில் அவர்கள் கொடுத்த ஃபைலில் எல்லாம் ஓடும், நம் ஃபைலில் ஓடாது. என்னைக் கரை சேர்த்தது அதற்குப் பிறகு கிடைத்த வியாழக்கிழமைகள். கணினித் துறையில் தற்காலிகப் பணியில் இருந்த அண்ணன் ஒருவர், வியாழன் மாலை நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்வார். எந்தத் துறையாக இருந்தாலும் மடிக்கணினியோடு போகலாம்.

"ஓடலண்ணே" என்று போய் நின்றேன். "என்ன சொல்லுது?" என்று கேட்டார். எர்ரர் மெசேஜை நான் படிக்கவே இல்லை, சிவப்பாக ஏதோ வந்ததும் மூடிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. செய்தியை முழுதாக எடுத்து வா, நாற்பது கிணறும் வேண்டாம், இரண்டு கிணறு, ஐந்து வரி போதும், அதிலும் அதே பிழை வருகிறதா பார் என்றார். அப்படி ஐந்து வரியாகச் சுருக்கும்போதே பல நாள் பிழை எனக்கே தெரிந்துவிடும், அவரிடம் போக வேண்டியே இருக்காது.

அடுத்த சிக்கல் பெரியது. கிணறு இல்லாத இடத்தில் உப்பு எவ்வளவு இருக்கும் என்று சுற்றியுள்ள கிணறுகளை வைத்துக் கணிக்கும் முறைக்கு கிரிகிங் என்று பெயர். ஆயிரம் முறை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருந்தது. இரவு முழுவதும் ஓடும், விடியற்காலையில் கரண்ட் போகும், பேட்டரி போன கணினியில் எல்லாம் போச்சு. திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் பரம் பொருள் என்ற மீக்கணினி, சூப்பர் கம்ப்யூட்டர், வந்திருக்கிறதே, 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குப் போடும் வேகமாமே, அதில் இடம் கேட்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "கேக்கலாம்மா. மொதல்ல நேரம் எங்க போகுதுன்னு பாப்போம்" என்றார். பார்த்தால், தரவு ஃபைலைத் திறக்கும் வரியை நான் சுழலுக்குள், அதாவது நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், வைத்திருக்கிறேன். ஆயிரம் முறையும் அதே ஃபைலைத் திறந்து, படித்து, அதே தேதிகளைத் திருத்தியிருக்கிறது. அந்த வரிகளை மேலே தூக்கி வைத்தோம். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அழுதே விட்டேன்.

தரவுக்கு மூன்று பிரதி வைக்கவும் அவர்தான் பழக்கினார், ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்றார். 2018 நவம்பரில் கஜா எங்கள் கூரையைப் பிடுங்கிய பிறகு எனக்கு அதைப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆய்வேட்டைப் போன ஆண்டு கொடுத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வில் ஒரு வரைபடத்தைப் பற்றிக் கேட்டபோது, நிரலை அங்கேயே ஓட்டி மறுபடி வரைந்து காட்டினேன். நன்றியுரையில் அண்ணனுக்கு ஒரு பத்தி எழுதினேன். அது போதாது என்பதுதான் என் வருத்தம். அந்த வியாழக்கிழமைகள் அவருடைய பணிப் பதிவில் எங்கும் இல்லை, ஒரு ரூபாய் கிடையாது. ஆராய்ச்சியாளர்களுக்கு நிரல் எழுதிக் கொடுத்து உதவுவதையே தொழிலாகச் செய்பவர்களை 2012 முதல் இங்கிலாந்தில் ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர் என்று அழைக்கிறார்கள், அங்கே பல பல்கலைக்கழகங்களில் அதற்கென்று தனிக் குழுவே உண்டு. நம் பக்கம் பயிற்சிக்குப் பேனர் அடிக்கப் பணம் ஒதுக்குகிறோம், பயிற்சிக்குப் பிறகு பக்கத்தில் உட்காரும் ஆளுக்கு ஒதுக்குவதில்லை.

அப்படி ஒரு பணியிடம் வேண்டும் என்று நாங்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். வியாழக்கிழமை நூலகத்தில் இன்னும் நடக்கிறது. அண்ணன் வர முடியாத வாரங்களில் நான் போய் உட்காருகிறேன், மேசையில் ஒரு கட்டு சிவப்புச் சீட்டு இருக்கும்.